கபாலிக்குக் காசு எங்கிருந்து வந்தது?

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்த சமயம். சுங்கைப்பட்டாணியில் காலைக் காட்சிக்கு அண்ணன்தான் டிக்கெட் எடுத்திருந்தார். அண்ணன் என்றால் பெரியம்மா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்து வீடுகளில் எங்கள் அம்மாக்கள் வளர்ந்தார்கள். தோட்டத்தை விற்ற பிறகு, தாமானில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நாங்கள் வளர்ந்தோம். அன்றைக்கு அவர் கூட்டாளிகள் பன்னிரண்டு பேர், நான், பெரியம்மா. பெரியம்மாவை ஏன் கூட்டி வந்தார் என்று அப்போது புரியவில்லை. படத்தில் பழைய தோட்டத்துக் காட்சி வந்ததும் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இதெல்லாம் நம்ம கதைடா" என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

பா. இரஞ்சித்தின் 'கபாலி' பற்றி எனக்கு அன்றைக்கு ஓர் அபிப்பிராயமும் இல்லை. பத்து வருடத்தில் ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். இப்போது இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பெரிய நடிகர் படங்களுக்கு மலேசியா என்பது இரட்டைக் கோபுரம், பாடல் காட்சி, கடத்தல்காரன் வந்து இறங்கும் விமான நிலையம். அவ்வளவுதான். ரஜினிகாந்த் நடித்த ஒரு படம் கித்தாத் தோட்டத்துக் கூலிப் பிரச்சினையைப் பேசும் என்று யாராவது 2010-ல் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 'கபாலி' பேசியது. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற கணக்கை எதிர்த்துத்தான் கபாலீஸ்வரன் முதலில் எழுந்து நிற்கிறான். இது திரைக்கதைக்காக இட்டுக்கட்டியது என்று என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் நினைத்திருந்தார்கள். இல்லை. 1941-ல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் முதல் வரிசையில் இருந்த கோரிக்கை அதுதான்.

அந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்தவர். மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். கைதைக் கேட்டு வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலையை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். படத்தில் கபாலிக்கு முன்னால் தலைவராக இருப்பவர், நாசர் நடித்த பாத்திரம், அவருக்கு என்ன பெயர்? தமிழ்நேசன். இரஞ்சித் தெரிந்து வைத்தாரா தெரியாமல் வைத்தாரா என்பது முக்கியமில்லை. எங்கள் தாத்தா காலத்தில் சலூன் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்ட பத்திரிகையின் பெயர் அது. 1924-ல் தொடங்கி 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. திரையில் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் படத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

கிள்ளான் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை வாசித்திருக்கிறீர்களா? சம்பளம், வேலை நேரம், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவம், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, கள்ளுக்கடையை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், ஏறியபடியே போக அனுமதி வேண்டும். எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் வயிற்றுக்காக மட்டும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்து போவதற்காகவும் செய்தார்கள்.

கபாலி கோட்டைக் கழற்ற மறுப்பது இந்தச் சைக்கிளின் தொடர்ச்சிதான். கால் மேல் கால் போட்டு உட்காருவதும் அதுதான். அம்பேத்கரின் கோட்டு பற்றி இரஞ்சித்துக்கு இருக்கும் எண்ணம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஆனால் மலாயாவில் அது வந்து விழுந்த இடம் சரியான இடம். தமிழ்நாட்டு விமர்சகர்கள் பலர் அந்தக் கோட்டு வசனத்தைப் பிரச்சாரம் என்றார்கள். இங்கே அதைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடியவர் பெரியம்மா. அவர் ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கியவர். பிரச்சாரம் என்ற சொல் அவருக்குத் தெரியாது.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன்.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தொட்டிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று எழுதிப் பார்ப்போம். இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அல்லது யாரோ பொய் சொல்கிறார்கள். கபாலியை இப்படி எழுதிப் பார்த்தால் கணக்கு நிற்காது. தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், போராட்டம் நடத்துகிறான், தமிழ்நேசனோடு சேர்கிறான், அவர் கொலையாகிறார், இவன் தலைவனாகிறான். அடுத்த காட்சியில் கோட்டு, கார், பங்களா, ஆள் படை. நடுவில் காசு எங்கிருந்து வந்தது? எதிராளிகளான '43' கும்பல் போதைப்பொருள் விற்கும், பெண்களை விற்கும். கபாலி அதெல்லாம் செய்ய மாட்டான். சரி. அப்படியானால் என்ன செய்வான்? இருபத்தைந்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும்போதும் கார் காத்திருக்கிறது. பெட்ரோலுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

இதைக் குசும்புக்குக் கேட்கவில்லை. ஏழை ரவுடியாகிப் பணக்காரனாகும் நல்ல படங்கள் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடித்து உட்கார வைக்கும். 1983-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் கியூபாவிலிருந்து வரும் அகதி பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்குகிறான். பிறகு நோட்டு எண்ணும் இயந்திரங்களை நம் கண்முன்னால் ஓட விடுகிறார்கள். எந்தப் பொடியை விற்று அந்தப் பணம் வந்தது என்று நமக்குத் தெரியும், அவன் மூக்கில் அது ஒட்டியிருப்பதும் தெரியும். 'நாயகன்' 1987. பம்பாய் வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை ஒட்டி எடுத்தது. வேலு நாயக்கர் கடத்தல் செய்கிறார், அதை நாம் பார்க்கிறோம், அவர் மகளும் பார்க்கிறாள். நாலு பேருக்கு நல்லது செய்யும் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்ற கேள்வியை அந்தப் படம் தள்ளிவிடவில்லை. கபாலியின் கையோ சுத்தமாக இருக்கிறது. அடிக்கிறான், சுடுகிறான், ஆனால் அழுக்கு ஒட்டுவதில்லை. நாயகனை நல்லவனாகவே வைத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பணத்தின் ஊற்றை மறைத்துவிட்டார்கள்.

அண்ணனுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ராத்திரிக் கடை வாசலில் நிற்பது. கார் நிறுத்துமிடத்தில் வசூல். வட்டிக்கு விட்டவனுக்காகப் போய்க் கதவைத் தட்டுவது. பழைய இரும்புக் கடை. எண்ணி நாலு வழி. அதில் வந்த காசில் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது, எனக்குப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்தில் பாதி வந்தது. இதை நான் எழுதியே ஆக வேண்டும். என் பட்டத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிய சத்தம் இருக்கிறது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டுத் தடை செய்தது. மொத்த உறுப்பினர்கள் 40,000-க்கு மேல். அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்தியர்கள் என்றார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காடு சொச்சம். அன்றைக்கு எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துவிட்டு, எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நாளிதழை மடித்து வைத்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அண்ணன் அப்போதே கையில் எண் குத்தியிருந்தார். பெரியம்மாவுக்கு முன்னால் எப்போதும் முழுக்கைச் சட்டை.

மூன்று வருடம் கழித்துத்தான் 'கபாலி' வந்தது. அரங்கில் கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு எண் இருந்தது. திரையில் ஒருவர், உங்களை மாதிரியே தோட்டத்திலிருந்து வந்தவர், உங்களை மாதிரியே சிறைக்குப் போனவர், ஆனால் கோட்டு போட்டிருக்கிறார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். படம் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கண்ணாடி. ஆனால் அதில் காசு வரும் வழி மட்டும் தெரியவில்லை.

தோட்டத்திலிருந்து கும்பலுக்கு நேராக ஒரு பாதை இருந்தது போல் படம் காட்டுகிறது. நடுவில் ஐம்பது வருடம் காணோம். அந்த ஐம்பது வருடத்தைத் தேடப் போனபோதுதான் எனக்குக் கெடாவே அகப்பட்டது.

பாட்டி 1938-ல் பிறந்தவர். பீடோங் பக்கத்துத் தோட்டம். எங்கள் வீட்டில் அவருடைய அப்பாவைப் பற்றி ஒரு கதை உண்டு. தினமும் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். ஒரு நாள் ராத்திரி வரவில்லை. காலையில் பெரட்டுக்குப் போன ஆட்கள்தான் பார்த்திருக்கிறார்கள், கித்தா மரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். கட்டியவர்கள் வெள்ளைக்காரனுடைய ஆட்கள் இல்லை. தொண்டர் படை. பக்கத்து லயத்துப் பையன்கள். "எங்கம்மா போய் அவுத்து வுடல. பொழுது நல்லா விடியட்டும்னு வாசல்லயே உக்காந்திருச்சு" என்று பாட்டி சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு அவருடைய அப்பா குடிக்கவில்லையாம். சில மாதத்தில் அவரே தொண்டர் படையில் சேர்ந்து, மற்றவர்களைக் கள்ளுக்கடை வாசலில் மறிக்கப் போய்விட்டார்.

சின்ன வயதில் இதை வேடிக்கைக் கதையாகத்தான் கேட்டேன். தொண்டர் படை என்பது கெடா வரலாற்றில் நிஜமாக இருந்த ஓர் இயக்கம் என்று எனக்கு இருபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்ததாக ஞாபகம் இல்லை.

ஜப்பானியர் காலம் முடிந்தபோது தோட்டங்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் பாதி உடம்போடு வந்தார்கள். அதே சமயம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த இளைஞர்களும் லயத்துக்குத் திரும்பினார்கள். அணிவகுத்து நிற்கவும், மேடையில் பேசவும், வெள்ளைக்காரன் தோற்று ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவன் மறுபடி வந்து துரையாக உட்காரும்போது கேள்வி கேட்கவும் பழகியவர்கள். 1946 வாக்கில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை வளர்ந்தது. அதன் தலைவராக அறியப்பட்டவர் ஏ.எம். சாமி. ஹார்வர்ட் தோட்டம்தான் அதன் மையம். இன்றைக்கு ஹார்வர்ட் என்று தேடினால் கோல்ஃப் மைதானம்தான் வரும். அந்தப் பெயரைச் சொன்னால் என் அலுவலக மேலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது.

அவர்கள் முதலில் கை வைத்தது கள்ளில். அதைச் சாதாரண மதுவிலக்குப் பிரச்சாரம் என்று நினைத்தால் தப்பு. தோட்டத்துக் கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் பிடியில் இருந்தது. காலையில் கொடுத்த கூலி சாயங்காலம் அதே கையில் போய்ச் சேரும். நான் முன்னே சொன்ன தொட்டிக் கணக்கு மாதிரி, உள்ளே போனது அப்படியே வெளியே. லயத்தில் ஒன்றும் தங்காது. ஒழுகும் இடத்தை அடைத்தால்தான் சங்கச் சந்தாவுக்குக் காசு இருக்கும், வேலைநிறுத்த நாளில் அரிசி வாங்கக் காசு இருக்கும். கடை வாசலில் மறியல் செய்தார்கள், குடித்தவனை இழுத்து வந்தார்கள், அடித்தார்கள். ஆம், அடித்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவைக் கட்டிப் போட்டது வன்முறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் போலீஸில் புகார் கொடுப்பேன். ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்த கொள்ளுப்பாட்டி அதை வேறு மாதிரி பார்த்திருக்கிறார். அவர் பக்கமும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. இந்த இடத்தில் என் தர்க்கம் கொஞ்சம் தடுமாறுகிறது. தடுமாறட்டும்.

(சாராயத்தின் கதை அங்கே முடியவில்லை. 1981-ல் லூனாஸில் விஷச் சம்சு குடித்துப் பலர் செத்தார்கள். ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலுக்கு அடியில் கிடப்பது அந்தச் சாவுகள்தான். 2020 டிசம்பரில் அந்த நாவலுக்குத் தடை வந்தது. சம்சுவைவிட நாவல் ஆபத்தானது போலிருக்கிறது.)

1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் போலீஸுக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல். தடியடியில் அடிபட்டு ஒரு தொழிலாளி செத்துப்போனார். மார்ச் முதல் வாரத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. அங்கேயும் ஓர் உயிர். நிறையப் பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். அடுத்த வருடம் ஜூனில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கங்களைப் பொறுக்கி எடுத்து நசுக்கினார்கள். 1949 மே 4, புடு சிறையில் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். அதுதான் எனக்குப் படத்தின் மேல் உள்ள இன்னொரு சின்னக் கோபம். தமிழ்நேசன் என்ற பெயரை மரியாதையாக வைத்த படம், காட்டிக்கொடுப்பவனுக்கு வீரசேகரன் என்று பெயர் வைத்திருக்கிறது. தற்செயலாகத்தான் இருக்கும். இருந்தாலும் மூன்றாவது முறை பார்த்தபோது காதில் உறுத்தியது.

ஆக, கெடாவில் ஒரு படை இருந்தது. சீருடை இருந்தது, அணிவகுப்பு இருந்தது, அடி இருந்தது, குண்டு இருந்தது, சாவு இருந்தது. ஒரு வன்முறைப் படத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ஆனால் பணக்காரன் ஆனவன் ஒருத்தனும் இல்லை. ஒருவேளை அதனால்தான் அது படமாகவில்லை.

அதே கெடாவில் பணத்தைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. அது இன்னும் படமாகாது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டு வாங்கியவனுக்கு லயத்து ஆட்கள் தேவையில்லை. நேற்று வரை இருந்த வீடு, கோயில், பள்ளிக்கூடம் இன்றைக்கு யாருடையது என்று தெரியாது. அந்த நேரத்தில், 1960-ல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. பால் வெட்டுகிறவனிடம் நூறு வெள்ளி ஏது? முதலில் பத்து வெள்ளி கொடு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு என்றார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி வாங்கினார்கள். அப்படிச் சேர்த்த காசில் அவர்கள் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில்தான் இருக்கிறது. புக்கிட் சிடிம். 1961-ல் வாங்கியது, ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கர்.

கபாலியிடம் நான் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது? பத்துப் பத்து வெள்ளியாக. யாரிடமிருந்து? பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து. இதில் யாரும் கோட்டு போட்டுக்கொண்டு மெதுநடை நடக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் லயத்து வாசலில் நிற்கிறார், உள்ளே தகர டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. இதை எப்படி இரண்டரை மணி நேரம் ஓட்டுவது? சினிமாவுக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு முகம் வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரஞ்சித் படத்தின் ஆரம்பத்தில் கபாலியின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறார். ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. தெலங்கானாவில் ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலையையும் படிப்பையும் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மேலே வந்த கதை. துப்பாக்கி இல்லாமல் மேலே வந்தவர்களின் கதையைச் சிறையில் படித்தவன், வெளியே வந்ததும் நேராகப் பறவைக் கடைக்குப் போய் அடிக்கிறான். என்ன படித்தான்?

கூட்டுறவுச் சங்கம் எல்லாத் தோட்டத்தையும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அது காப்பாற்றாத தோட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீட்டுமனை வந்தது. பெரியப்பா லாரிக்குப் போனார். அப்பா தொழிற்சாலைக் காவலுக்குப் போனார். தோட்டத்தில் ஒரு பையன் தப்பு செய்தால் கோயில் தலைவர், தண்டல், பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக் கிழவி என்று நாலு பேர் கேட்பார்கள். தாமானில் கேட்க வந்தவர்கள் கும்பல்காரர்கள் மட்டும்தான். "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். அண்ணனை யாராவது அப்படிக் கேட்டு அதற்குள் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இந்த இடத்தை மிகச் சரியாகத் தொட்ட படம் ஒன்று இருக்கிறது. 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது, 2015 டிசம்பரில் வந்தது. தோட்டம் கைவிட்ட குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அப்போய் என்ற பையன் எப்படி நழுவுகிறான் என்பதுதான் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்று விருது வாங்கியது. அண்ணனிடம் பத்து முறை சொல்லியிருப்பேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். "ரொம்ப நெஜமா இருக்குடா, பாக்க முடியல" என்றார். 'கபாலி'யை அவர் குறைந்தது இருபது முறை பார்த்திருப்பார். படத்தைப் பற்றி நான் எழுதக்கூடிய எந்த விமர்சனத்தையும்விட இது துல்லியம் என்று நினைக்கிறேன். யார் பக்கம் துல்லியம் என்பதுதான் தெரியவில்லை.

கடைசிக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கபாலி நடத்தும் பள்ளியில் படித்த டைகர் துப்பாக்கியோடு நெருங்கி வருகிறான். திரை இருட்டாகிறது, வெடிச் சத்தம். தமிழ்நாட்டில் அதோடு முடிந்தது. மலேசியத் திரைகளில் மட்டும், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று எழுத்து வந்தது. சுங்கைப்பட்டாணி அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் கூட்டாளிகள் விசிலடித்துக் கிண்டல் செய்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில், "சரணடைஞ்சா என்னா செய்வாங்க? கோட்டை வாங்கி வச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தார். சாம்பல் நிறம், உள்ளே இன்னொரு சின்னக் கோட்டு, அப்படியே படத்தில் வருவது போல. 2018-ல் பிடித்தார்கள். வழக்கு, விசாரணை என்று நீதிமன்றத்துக்கு எல்லாம் போகவில்லை. குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இரண்டு வருடம் சொந்த ஊரைவிட்டு வேறு மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்க வேண்டும், ராத்திரியில் வெளியே போகக்கூடாது, காலில் கருவி. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை. பெரியம்மா மாதம் ஒருமுறை பேருந்து ஏறிப் போவார். போகும்போது கறிவேப்பிலை கட்டிக்கொண்டு போவார். கோட்டு இங்கேதான் அலமாரியில் தொங்கியது.

இப்போது அண்ணன் லாரி ஓட்டுகிறார். ஒரு பெண் குழந்தை. போன தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் மறுபடி 'கபாலி' ஓடியது. தோட்டத்துக் காட்சி வந்தபோது பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் முறுக்கு பிழிந்தார். நான் அண்ணனிடம் தொண்டர் படை பற்றியும், பாட்டியின் அப்பாவை மரத்தில் கட்டியது பற்றியும், பீடோங் பற்றியும், புக்கிட் சிடிம் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன், படிச்ச திமிரில். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தப் படைல இருந்தாரே நம்ம தாத்தா, அவருக்கு அப்புறம் என்னா ஆச்சு?"

பாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். பீடோங்கில் அடி விழுந்த அன்றைக்கு அவரும் போயிருந்தார். வலது கை உடைந்தது. நாலு நாள் மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் காலையில் பெரட்டுக்குப் போய் நின்றார். ஒரு கையால் மரம் வெட்ட முடியாது. கிராணி அவரைப் பால் ஸ்டோர் கூட்டும் வேலைக்குப் போட்டார்.

"கூலி?"

"பொம்பளைக் கூலி கொடுத்தாங்களாம். கை சரியாகுற வரைக்கும்."